பழைய புல்லட்டுக்குப் புது ஷாக்: வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

என்னுடைய புல்லட் 350 தொண்ணூறுகளில் திருவொற்றியூரில் இருந்து வெளிவந்த வண்டி. வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். எஞ்சினுக்கு நான் செய்யாத செலவில்லை. பின்பக்க ஷாக் அப்சார்பரை, சுருக்கமாக ஷாக்கை, மட்டும் பல வருடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் வண்டி நாலு தடவை குதித்துவிட்டுத்தான் அடங்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முதுகில் ஒரு குத்து வைப்பார். அந்தக் குத்து தாங்காமல்தான் புது ஷாக் வாங்கப் போனேன்.

முதல் தடவை தப்பான ஜோடியை வாங்கிவந்தேன். “புல்லட்டுக்குப் போடலாம் சார்” என்றார் கடைக்காரர், நானும் தலையாட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் நீளம் இரண்டு சென்டிமீட்டர் அதிகம். மாட்டிய பிறகுதான் வினை தெரிந்தது. சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பவில்லை. சைடு ஸ்டாண்டில் வண்டி கள்ளுக்கடையிலிருந்து வந்தவன் மாதிரி சாய்ந்தது. ஹேண்டில் இலேசாகி, நேர்ரோட்டிலேயே துறுதுறுத்தது. ஒரே ஒரு முறை ஸ்கேலை வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். ஷாக்கைக் கழற்றியே பார்த்திராதவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணம் புல்லட் என்றாலும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் உள்ள ஆர்எக்ஸ் 100, ஸ்ப்ளெண்டர், யெஸ்டி எதற்கும் இதே முறைதான்.

முதலில், ஷாக்தான் குற்றவாளியா?

வண்டி தூக்கிப்போடுகிறது என்றதும் ஷாக்கைப் பழிக்க வேண்டாம். பாதி நேரம் குற்றம் டயரில் இருக்கும். பஞ்சர் கடையில் காற்றைக் கொஞ்சம் தூக்கலாகவே அடித்துவிடுவது வழக்கம். காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றைச் சரிசெய்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு வேலை அதோடு முடிந்துவிடும்.

அடுத்தது ஸ்விங் ஆர்ம், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் அந்தக் கவட்டை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கவட்டையின் பின்முனையைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று அசைந்தால் அதன் புஷ், அதாவது அச்சைச் சுற்றியுள்ள உறை, தேய்ந்திருக்கிறது. கவட்டை அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் வீல் பேரிங். இந்த இரண்டில் ஒன்று போயிருந்தாலும் புது ஷாக் மாட்டிப் பயனில்லை. வளைவில் வண்டியின் பின்பக்கம் மீன்வால் போல ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

கடைசியாக ஷாக். நடுவில் உள்ள தண்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. வண்டியை ஸ்டாண்டில் இருந்து இறக்கி, சீட்டின் பின்பகுதியை இரண்டு கையாலும் அமுக்கிச் சட்டென விடுங்கள். மேலே வந்து ஒரே ஆட்டத்தில் நின்றால் ஷாக்குக்கு இன்னும் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை ஆடினால், உள்ளே ஸ்பிரிங் மட்டும்தான் வேலை செய்கிறது. மேலும் கீழும் உள்ள ரப்பர் புஷ் நசுங்கி, ஓட்டை முட்டை வடிவமாகி இருக்கிறதா என்றும் பாருங்கள். புஷ் மட்டும் போயிருந்தால் மலிவாக முடிந்துவிடும்.

உள்ளே என்னதான் நடக்கிறது

ஷாக் என்பது இரண்டு சாமான் சேர்ந்தது. வெளியே தெரியும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே உள்ள எண்ணெய்க் குழாய் அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிப் போகும்போது, குதிக்கும் வேகம் வெப்பமாக மாறிக் கரைகிறது. நீண்ட தூரம் மோசமான சாலையில் ஓடிய ஷாக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும், காற்றோடு கலந்து நுரைக்கும். நுரை துளை வழியாகச் சுலபமாக ஓடிவிடுவதால் அடக்கும் சக்தி குறையும். ‘காஸ் ஷாக்’ என்பது இந்த நுரையைக் கட்டுப்படுத்த உள்ளே நைட்ரஜனை அழுத்தி அடைத்த ஷாக். எண்ணெய் அதிலும் உண்டு. வெறும் வாயுவில் ஓடும் ஷாக் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பின்சக்கரத்துக்கு ஷாக் வைப்பதே ஒரு காலத்தில் சண்டைக்குரிய விஷயமாக இருந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு, ஸ்விங் ஆர்மும் எண்ணெய் ஷாக்கும் வைத்த புல்லட்டை 1948-இல் சேற்றிலும் பாறையிலும் ஓட்டும் போட்டிகளில் இறக்கியது. பின்சக்கரம் அசைந்தால் பிடிப்பு போய்விடும் என்பதுதான் அன்றைக்குப் பலருடைய நம்பிக்கை. அந்த ஆண்டே இத்தாலியில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் கோப்பை வென்ற பிரிட்டிஷ் அணியில் இந்தப் புல்லட்டுகள் ஓடின. 1949-இல் அது விற்பனைக்கும் வந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானபோது நம் ஊருக்கு வந்ததும் அந்தக் கவட்டையும் இரட்டை ஷாக்கும்தான். அதனால் 40 வருடப் பழைய புல்லட்டில்கூட அடிப்படை அமைப்பு நல்லதே. தேய்ந்துபோன இரண்டு குழாயை மாற்றினால் போதும்.

அளவெடுப்பது

வண்டி சென்டர் ஸ்டாண்டில், பின்சக்கரம் தொங்கிக்கொண்டு இருக்கட்டும். மேல் போல்ட்டின் மையத்திலிருந்து கீழ்ப் போல்ட்டின் மையம் வரை நேராக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும், முன்பு யாராவது ஜோடி மாற்றி மாட்டியிருக்கலாம். புது ஷாக்கின் நீளம் இதே அளவில் இருப்பதுதான் நல்லது. ஐந்து மி.மீ. கூடக்குறைய இருந்தால் பெரிய சேதமில்லை. பத்தைத் தாண்டினால் வண்டியின் குணமே மாறும். பின்பக்கம் உயர்ந்தால் முன்ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் பதற்றமாகும், தாழ்ந்தால் மந்தமாகும். தாழ்த்தினால் இன்னொரு ஆபத்தும் உண்டு: இரண்டு பேர் ஏறிப் பெரிய பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்கார்டில் உரசும்.

நீளத்தோடு முடியவில்லை. போல்ட்டின் விட்டம், புஷ்ஷின் அகலம், ஷாக்கின் மேல்முனை துளை வளையமா அல்லது இரண்டு காதாகப் பிளந்ததா, இவை எல்லாம் பார்க்க வேண்டும். இடது வலது இரண்டிலும் ஸ்பிரிங்கைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் அளந்துகொள்ளுங்கள். தடித்த ஸ்பிரிங் உள்ள ஷாக் செயின் கவரில் உரசுவதும், சாரி கார்டின் கம்பியில் இடிப்பதும் அடிக்கடி நடக்கும். சாரி கார்டை அறுத்து எறிந்துவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். கம்பியை ஒரு வாஷர் அகலம் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழைய புல்லட்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளின் பழைய மாடல்களில் பல நட்டு போல்ட்டுகள் பிரிட்டிஷ் மரை கொண்டவை. மி.மீ. ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் நட்டின் முனை மழுங்கும். மி.மீ. நட்டைப் பிரிட்டிஷ் போல்ட்டில் ஏற்றினால் இரண்டு சுற்று போய் இறுகிக்கொள்ளும், அப்புறம் மரையும் போகும். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ நட்டு வாங்கப் போனால் பழைய நட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

உங்கள் எடைக்கு எவ்வளவு அமுங்க வேண்டும்

மெக்கானிக்குகள் அநேகமாகச் செய்யாத வேலை இது. எனக்கு இதில்தான் கண் திறந்தது. ஒரு டேப், ஒரு துண்டு செல்லோடேப், உதவிக்கு ஒரு ஆள் போதும்.

பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, மட்கார்டில் செல்லோடேப்பை ஒட்டி ஒரு கோடு போடுங்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆக்சிலில் இருந்து கோடு வரை அளக்க வேண்டும், இது முதல் அளவு. வண்டியை இறக்கி, ஆள் ஏறாமல் நேராகப் பிடித்துக்கொண்டு அளந்தால் இரண்டாவது. வழக்கமான ஹெல்மெட், பையோடு நீங்கள் ஏறி உட்கார்ந்து, உதவியாளர் அளந்தால் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் வண்டியை ஒரு முறை அமுக்கி விட்டபின் அளவெடுங்கள், புஷ்ஷின் இறுக்கம் அளவை ஏமாற்றும்.

புல்லட் போன்ற வண்டிகளில் பின்சக்கரம் மொத்தமாக மேலே போகக்கூடிய தூரம் 3 அங்குலத்தை ஒட்டி, அதாவது 75 முதல் 80 மி.மீ. நீங்கள் உட்கார்ந்ததும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 25 மி.மீ. அளவுக்கு அமுங்க வேண்டும் (முதல் அளவில் மூன்றாவதைக் கழித்தால் வருவது). வண்டி தன் சொந்த எடையில் பத்து மி.மீ. அளவுக்கு இறங்கினால் நல்லது (முதல் அளவில் இரண்டாவதைக் கழித்தால் வருவது). அமுங்கவே கூடாது என்று நினைப்பது தப்பு. சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிப் போகவும் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் அந்தரத்தில் பறந்து, எதிர்க்கரையில் மோதும்.

அளவு கூடினாலோ குறைந்தாலோ, ஷாக்கின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையத்தை சி ஸ்பேனரால் (முனை கொக்கி போல வளைந்த ஸ்பேனர்) திருப்புகிறோம். இதற்கு ப்ரீலோடு என்று பெயர். வளையத்தை ஏற்றினால் ஷாக் ‘ஹார்டு’ ஆகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் ஸ்பிரிங்கின் பலம் மாறுவதில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. கணக்குப் போட்டால் புரியும். ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங் பக்கத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம், இரண்டும் சேர்ந்து 4 கிலோ. பின்சீட்டில் 60 கிலோ ஆள் ஏறினால் 15 மி.மீ. கூடுதலாக இறங்கும். வளையம் முதல் படியில் இருந்தாலும் இந்த 15 மாறாது, கடைசிப் படியில் இருந்தாலும் மாறாது. வளையம் செய்வது, எந்த உயரத்திலிருந்து அந்த 15 தொடங்குகிறது என்பதை முடிவு செய்வது மட்டும்தான்.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. வளையத்தை ஏற்றி ஏற்றி, நீங்கள் உட்காரும்போது 25 மி.மீ. வரவைத்துவிட்டீர்கள், ஆனால் ஆளில்லாத வண்டி ஒரு மி.மீ. கூட இறங்கவில்லை என்றால், ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது. நீங்கள் உட்காரும்போது அளவு சரி, ஆனால் வெறும் வண்டியே 20 மி.மீ. இறங்கி நிற்கிறது என்றால் ஸ்பிரிங் அளவுக்கு மீறிய முரடு. இரண்டு நிலையிலும் வளையத்தைத் திருப்பிப் பயனில்லை, ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

எதை வாங்குவது

கம்பெனி அளவிலேயே புதிய ஜோடி வாங்கினால் போதும் என்பது பலருக்கு நான் சொல்லும் பதில். பத்து வருடத் தேய்ந்த ஷாக்கில் இருந்து புது ஷாக்குக்கு மாறினாலே வேறு வண்டி மாதிரி இருக்கும். காஸ் வைத்ததும், ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்தை, கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதும் வேண்டும் என்றால் தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ், இங்கிலாந்தின் ஹேகன் போன்றவர்கள் பழைய இரட்டை ஷாக் வண்டிகளுக்கென்றே செய்கிறார்கள். வாங்கும்போது உங்கள் எடை, பின்சீட்டில் வழக்கமாக ஏறுபவரின் எடை, சுமை இவற்றைச் சொல்லி அதற்கான ஸ்பிரிங்கைக் கேளுங்கள். எடையைக் கேட்காமலே பெட்டியை எடுத்து நீட்டுகிற இடத்தில் உயர்ந்த விலை கொடுக்காதீர்கள்.

பக்கத்தில் குட்டி சிலிண்டர் தொங்கும் ஷாக்குகள் ஆளை மயக்கும். விலை மலிவாக இருந்தால் அந்தச் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். பலவற்றில் அது வெறும் டப்பா, உள்ளே எண்ணெயும் இல்லை, வாயுவும் இல்லை, அலங்காரத்துக்கு ஒட்டியது. நிஜமானதில் அந்தச் சிலிண்டரையும் ஷாக்கையும் எண்ணெய் வழி இணைக்கும்.

இரண்டாம் கை ஷாக் வாங்க வேண்டாம். டேங்க், மட்கார்டு எல்லாம் பழையது வாங்கலாம். ஷாக்கின் தேய்மானம் வெளியே தெரியாது.

மாட்டும் நாள்

முந்தின ராத்திரியே நான்கு நட்டுக்கும் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊற விடுங்கள். மறுநாள் சமதளமான தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சைலன்சர் ஆறியிருக்கட்டும். கழற்றும் முன் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் உள்ளே, எது வெளியே என்பது மறக்கவே மறக்காது என்று அப்போது தோன்றும், ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மறந்திருக்கும்.

ஒரு பக்கம் முழுவதும் முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் கவட்டையும் சக்கரமும் தொப்பென்று இறங்கும். ஒன்றைக் கழற்றியிருக்கும்போது மற்றது கவட்டையைத் தாங்கி அளவு காட்டிக்கொண்டு நிற்கும். பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி, சக்கரத்தின் எடையை லேசாகத் தாங்கவைத்தால் போல்ட் சிரமமில்லாமல் வெளியே வரும். கீழ் நட்டை முதலில் கழற்றுங்கள், பிறகு மேல் நட்டு. ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் ஷாக் வந்துவிடும். மரைமுனையில் இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள்.

கழற்றிய ஷாக்கில் இருந்து ஸ்பிரிங்கைப் பிரித்துப் பார்க்க ஆசை வரும். அதற்குரிய அமுக்கி இல்லாமல் கை வைக்க வேண்டாம், அடக்கிவைத்த ஸ்பிரிங் தெறித்தால் முகத்தில்தான் அடிக்கும். காஸ் ஷாக்கைத் துளையிடுவதும் சூடாக்குவதும் அதைவிட மோசம்.

போல்ட்டையும் தண்டையும் மண்ணெண்ணெயில் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் இரும்பில் மட்டும்தான் இருக்க வேண்டும், ரப்பர் புஷ்ஷில் பட்டால் அது ஊறிப்போகும். புது ஷாக்கின் மேல் வளையத்தை முதலில் ஏற்றுங்கள். கீழ் ஓட்டை சேராவிட்டால் ஷாக்கை இழுக்கவோ நெம்பவோ வேண்டாம், சக்கரத்துக்கு அடியில் உள்ள கட்டையை ஒரு மி.மீ. இரண்டு மி.மீ. தள்ளி உயரத்தைச் சரிசெய்தால் தானாக உட்காரும். நட்டுகளைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் போட்டு நிறுத்திவிடுங்கள். இப்போதே முழுதாக இறுக்கக் கூடாது.

மறுபக்கமும் முடிந்ததும் வண்டியை ஸ்டாண்டில் இருந்து இறக்கி, ஒருவரை உட்காரவைத்து நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். அந்த எடை இருக்கும்போதே நான்கு நட்டையும் கடைசி இறுக்கமாக இறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும், ஆள் ஏறும்போதெல்லாம் முறுக்கி முறுக்கிச் சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்கம் என்பது கையேட்டில் இருக்கும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கடன் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு என்றால் பழையதைத் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள்.

கிளம்பும் முன்

செயினைப் பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட், கவட்டையின் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகமாக இழுபடும். வண்டியின் உயரம் மாறியிருந்தால் பழைய தளர்வு இனிச் செல்லாது. ஆள் உட்கார்ந்த நிலையிலும் செயினில் கொஞ்சமாவது தளர்வு இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் முதல் பெரிய பள்ளத்தில் கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும்.

பின்பிரேக்கையும் மிதித்துப் பாருங்கள். புல்லட் போலக் கம்பி வழியாக இழுக்கும் பிரேக்கில் பின்பக்க உயரம் மாறினால் பெடலின் தளர்வும் மாறும். ஹெட்லைட் வெளிச்சம் முன்பைவிட ரோட்டில் தாழ்ந்து விழுந்தால் திருகைச் சரிசெய்யுங்கள். பிறகு மட்கார்டு, செயின் கவர், சாரி கார்டு, இண்டிகேட்டர் வயர் எதுவும் ஸ்பிரிங்கில் படவில்லை என்று கையை விட்டுத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்துத் திருத்துவது

பழக்கமான ஒரே ரோட்டில், ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். எங்கள் தெருமுனையில் அடுத்தடுத்து நாலு மேடு உண்டு, என் பரிசோதனைக்கூடம் அதுதான். மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் குதித்துக்கொண்டே இருந்தால் ரீபவுண்டு டாம்பிங், அதாவது ஷாக் திரும்பி எழுவதை அடக்கும் சக்தி, போதவில்லை. முதல் மேட்டில் நன்றாக இருந்து, மூன்றாவது நான்காவது மேட்டில் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டால் டாம்பிங் அதிகம்: அமுங்கிய ஷாக் திரும்பி எழும் முன்பே அடுத்த மேடு வந்துவிடுகிறது. திருகு இருந்தால் ஒரு தடவைக்கு ஒரு கிளிக், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. மாற்றியதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருப்பிவிட்டு எது எதனால் என்று தெரியாமல் விழிக்காதவர் யாருமில்லை.

பின்சீட்டில் ஆளோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் வளையத்தை இரண்டு படி ஏற்றுங்கள், திரும்பி வந்ததும் இறக்குங்கள். சோம்பல்பட்டு ஏற்றியபடியே விட்டுவிட்டுத்தான் ‘புது ஷாக் கல்லு மாதிரி இருக்கு’ என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். நானும் ஒரு மாதம் அப்படி ஓட்டினேன்.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் நான்கு நட்டையும் ஒரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், புது ரப்பர் அமுங்கி இடம் பிடித்திருக்கும். அந்தச் சமயத்தில் முன்பக்கம் பிரேக் பிடித்தால் அதிகமாகக் குனிவது போலவும் தோன்றலாம். ஃபோர்க் எண்ணெய் பல வருடமாக மாற்றாமல் இருந்திருக்கும், பின்பக்கம் சரியானதும் அது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

கழற்றிய பழைய ஜோடியைக் காயலான்கடைக்குப் போடாதீர்கள். வாஷர், நட்டோடு சேர்த்து ஒரு சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். பழைய வண்டி வாங்க வருபவர் முதலில் கேட்பது ‘ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கா’ என்பதைத்தான்.